இரண்டு மணிக்கு ஒருமுறை

எனக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே அப்பா அதை ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டார். அவர் அரசு பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் இடையில் முப்பது வருஷம் ஓடியவர். நத்தத்துக்கு ரெண்டு என்று கை நீட்டுகிறவருக்கு டிக்கெட்டோடு என் சமாச்சாரமும் சேர்ந்து கிடைக்கும். "நம்ம பாப்பா லண்டன்ல ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்குது. முடிச்சதும் அங்கனயே ஆபீசர்தான்." ரிட்டயரான பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் அதே பஸ்ஸில் ஏறிப் போய் இதைச் சொல்லிவிட்டு வருவார் என்று அம்மா போனில் சிரித்தாள்.

நான் இருந்தது லண்டன் இல்லை. அங்கிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம் போக வேண்டிய, எந்நேரமும் காற்றடிக்கிற ஒரு கடலோர ஊர். ஆனால் எங்கள் ஊரான அகரத்தில் கடல் தாண்டினால் எல்லாமே லண்டன். நான் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் அப்பா ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். அதில் நான் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றேன். அப்படி ஒரு கோட்டு என்னிடம் கிடையாது. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டிருந்தார். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது வெயிலில் வெளுத்துப்போன அந்த ஃப்ளெக்ஸ் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. கோட்டு மட்டும் இன்னும் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் விண்ணப்பம் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். நிர்வாக வேலைக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. என்னோடு படித்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் நல்ல ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. அவள் கெட்டிக்காரி, அதில் எனக்குப் பொறாமை இல்லை. நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். இன்னொருத்தி கோழி வெட்டுகிற தொழிற்சாலைக்குப் போனாள். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். கிழவர் கிழவிகளை எழுப்பி, குளிப்பாட்டி, டயபர் மாற்றி, ஊட்டி, மறுபடி படுக்க வைக்கிற வேலை. அப்பா போனில் "எங்க சேந்திருக்க பாப்பா?" என்றார். "ஆஸ்பத்திரி மாதிரிதான்ப்பா" என்றேன். அந்த 'மாதிரி'யை அவர் பஸ் ஏறும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

முதல் மாதம் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. உள்ளதைச் சொன்னால், அந்த வேலையில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அம்மாள் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க. முழங்கால்களுக்கு இடையில் தலையணை. குதிகால் மெத்தையில் படக் கூடாது. விரிப்பின்மேல் ஆளை இழுக்கவே கூடாது, தூக்கித்தான் நகர்த்த வேண்டும்; இழுத்தால் மேல்தோல் ஒரு பக்கமும் உள்சதை ஒரு பக்கமும் போகும். திருப்பிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விட்டால் முதுகுத் தண்டு முடிகிற இடத்தில் புண் வரும். வெளியே காசு அகலம் தெரிந்தால் உள்ளே கிண்ணம் அளவு இருக்கும்.

அங்கே ஒரு கறுப்புக் கிழவர் இருந்தார். வாலிபத்தில் ஏதோ தீவிலிருந்து கப்பலில் வந்து, அந்த நாட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்குப் புண் வருமுன் தோல் சிவக்கும், பார்த்தாலே தெரியும். அவர் நிறத்தில், நம் நிறத்தில், சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் மட்டும் சுடும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதை நான் அவர் உடம்பில்தான் கற்றேன். இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. இந்தக் கண்டக்டரைப் பற்றி அப்பாவிடம் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆபீசருக்கு அவரை எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது?

சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரு நாள் அம்மா போனில் நத்தத்துக்காரர் ஒருவரின் மகளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண்ணும் வெளிநாட்டில் எம்.எஸ்ஸி. படித்தவள், கிழவர்களைக் கழுவிவிடுகிற வேலை பார்ப்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. "பீ அள்ளுறதுக்கு பிளேன் ஏறிப் போனாளாக்கும். இனி எவன் கட்டுவான் அவள?" என்று அம்மா சிரித்தாள். என் அம்மா கெட்டவள் இல்லை. ஊர் சொன்னதைத்தான் சொன்னாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன். திண்டுக்கல்காரிக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா.

விசா முடிந்து ஊர் வந்தேன். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் இங்கேயே பி.காம். முடித்தவள், எனக்கு சீனியர். "தற்காலிகமா இருக்குது" என்று அப்பா சொல்லிக்கொண்டார். நான்கு மாதத்தில் ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் இன்ஜினியர், வெளிநாடு போகத் துடிக்கிறவன். வெளிநாட்டில் இருந்த பெண்தான் வேண்டும் என்று தேடி வந்திருந்தார்கள். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெண் பார்க்க நாள் குறிப்பதற்குள், ஒரு காலை, பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தார். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் கோணிப் பேச்சுக் குழறியது. காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒன்றிரண்டு சொல் பிடிபடும்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். மாத்திரை, உணவு, பயிற்சி எல்லாம் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பவும் என்று தெளிவாக அச்சில் இருந்தது. "அப்பப்பத் திருப்பிப் படுக்க வைக்கணுமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் என்னை நானே கேட்டிருக்கிறேன். இரண்டு மணி என்று அழுத்திச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அப்பாவின் கட்டிலை முன்ஹாலில், வாசலைப் பார்த்துப் போட்டார்கள். விசாரிக்க வருகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டும். ஒரு கண்டக்டருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பது அவர் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டிரைவர்கள், டிப்போக்காரர்கள், பஸ்ஸில் வந்துபோன பள்ளிக்கூட டீச்சர்கள், நத்தத்து மாங்காய் வியாபாரிகள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அலமாரியில் இடமில்லாமல் தரைக்கு வந்தன. ஒவ்வொருவர் வரும்போதும் அம்மா அப்பாவை இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைப்பாள். தலை சீவி, விபூதி பூசி, சட்டை மாட்டிவிடுவாள். வந்தவர் போவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் பன்னிரண்டு வரை அப்படியே இருப்பார், கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே. ஒரு தடவை நான் துணிந்து, "செத்த நேரம் சுவத்துப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கட்டுமேம்மா" என்றேன்.

"வாரவுகளுக்கு முதுகக் காட்டிக்கிட்டா? சாகக் கெடக்குற மாதிரியா? ஊரே மதிச்ச மனுசன்டி" என்றாள் அம்மா.

காலையும் மாலையும் பெரியப்பா மகன் வந்து அப்பாவைச் சுத்தம் செய்வார். நல்ல மனிதர், தன் கடையை அப்படியே விட்டுவிட்டு வருவார். அந்த நேரம் நான் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். வயசுக்கு வந்த மகள் அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அம்மா என்னைப் பார்ப்பாள், நான் எழுந்து போய்விடுவேன். அங்கே நின்று வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவேன். ஹாலில் நடப்பது எல்லாம் காதில் விழும். "செத்தப் பொறுங்க சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அவரைக் கக்கத்தில் பிடித்து மேலே இழுப்பார். விரிப்பின்மேல் உடம்பு இழுபடுகிற சத்தம் வரும். இரண்டு வருஷம் அந்தச் சத்தம் வராமல் வேலை பார்த்தவள் நான். யாரோ பெற்றவர்களைப் பூப்போல் தூக்கிவிட்டு, என்னைப் பெற்றவரை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்கினேன்.

நான்காவது வாரம் வாடை வந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. பழக்கமில்லாதவர்களுக்கு அது மூத்திர வாடைபோலவும் மருந்து வாடைபோலவும் இருக்கும். எனக்குத் தெரியும். அண்ணனிடம், "முதுகுக்குக் கீழ எதும் புண்ணு இருக்காண்ணே?" என்று கேட்டேன். "லேசாக் கறுத்திருக்கு பாப்பா. பவுடர் போட்டிருக்கேன்" என்றார். அவர் கண்ணுக்கு லேசான கறுப்பு. என் புறங்கையை ஒரு நிமிஷம் அங்கே வைத்திருந்தால் போதும். அம்மாவிடம் காற்று மெத்தை வாங்குவோம் என்றேன். "வாங்குவோம். ஒட்டன்சத்திரத்துக்காரவுக அடுத்த ஞாயிறு பொண்ணு பாக்க வாராகல்ல, வந்துட்டுப் போகட்டும். வந்த எடத்துல ஆஸ்பத்திரி மாதிரி மெத்தையும் மோட்டாரும் கெடந்தா என்ன நெனப்பாக? ஒரு வாரந்தான" என்றாள். ஒரு வாரம்தானே என்று நானும் நினைத்தேன். ஒரு வாரம் என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, கை வைத்த மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பா படுத்துக்கொண்டு வரவேற்கலாமா? கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தது. பத்து மணிக்கு உட்கார்ந்தார். பதினொன்றரைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. பையனின் அம்மா பெரிய உடம்பு, சாந்தமான முகம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "ஏங் கண்ணு, அங்க என்ன வேலை பாத்துட்டிருந்தே?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி நிர்வாகம்" என்றேன்.

"செரி செரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். மின்விசிறி அவர் தலைக்கு மேலேயே சுற்றியது. அப்படியும் நெற்றியில் வேர்வை கோர்த்து விபூதி கரைந்து வழிந்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. பிடியை ஊன்றி இடுப்பைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. "எந்திரிச்சு மரியாத செய்யணும்னு நெனைக்கிறாருங்க" என்றாள் அம்மா. எல்லோருக்கும் கண் கலங்கியது. பையனின் அப்பா எழுந்து வந்து, "உக்காருங்க சம்பந்தி, உக்காருங்க" என்று அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து எதுவும் சொல்ல முயலவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட என்னால் இந்த அளவுக்கு என்னை வெறுக்க முடிந்திருக்காது. பஜ்ஜியும் கேசரியும் கொடுத்தேன். காபி கொடுத்தேன். ஒன்றரை மணிக்குப் போனார்கள்.

அண்ணனும், அன்று வந்திருந்த அப்பாவின் தம்பியும் அவரைத் தூக்கினார்கள். மடித்துப் போட்ட துண்டு சீழில் நனைந்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் அந்த இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு எலும்பு தெரிகிறது என்றார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. "வீட்டுல திருப்பிப் போடவே இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தினம் நான்கு பேரிடம் கேட்கிறவர் குரல். அம்மா, "அப்பப்பத் திருப்புனோம் சார்" என்றாள். என் சொல்லை அப்படியே சொன்னாள்.

அங்கே ஒரு மத்தியானம், அம்மா சாப்பிடக் கீழே போயிருந்தாள். ஆயாம்மா விரிப்பு மாற்ற வந்தவர், கூட ஆள் இல்லாமல், "செத்தக் கை குடு தாயி" என்றார். முட்டியை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, அப்பாவை என் பக்கமாக உருட்டினேன். விரிப்பைப் பாதி சுருட்டி அடியில் தள்ளி, அந்தப் பக்கம் உருட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தேன். அவர் ஒரு முனகல் முனகவில்லை. "நல்லாப் பழகுன கையா இருக்கே. எந்த ஆஸ்பத்திரில வேல?" என்றார் ஆயாம்மா. நான் சொல்லிவிட்டேன். முதியோர் இல்லம், இரண்டு வருஷம், இதே வேலை. அப்பா கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். ஆயாம்மா போனதும் குனிந்து, அந்தக் கறுப்புக் கிழவரைப் பற்றியும் சொன்னேன். அவரும் கண்டக்டர்தான்ப்பா, உங்களை மாதிரியே, ரெண்டு வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன் என்றேன். அழுகையில் எனக்கே என் பேச்சுப் புரியவில்லை.

அப்பாவின் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"எந்த ரூட்டு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அதை ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாதுப்பா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். அந்த மூன்று நாளும் இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைத் திருப்பினார்கள், நர்சுகளும் ஆயாம்மாவும். அம்மா உள்ளே இருக்கும்போதெல்லாம் நான் திரைக்கு வெளியே நின்றேன். அப்போதும்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பையனின் அம்மா துக்கம் கேட்க வந்தார். கூட யாரும் இல்லை. துக்க வீட்டில் வா என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல பேசக் கூடாது அம்மிணி. ஆனா நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. நீ அங்க வயசானவங்களப் பாத்துக்கற வேலை பாத்தது எங்களுக்கு மொதல்லயே தெரியும். எங்க பையனோட கூட்டாளி ஒருத்தன் அதே ஊர்லதான் இருக்கறான். நிர்வாகம்னு சொன்னே, செரி, சொல்லிக்கட்டும்னு உட்டுட்டோம். அந்த வேலை தெரிஞ்ச புள்ள வேணும்னுதானே உங்க ஊட்டுக்கே வந்தோம். இப்ப அதுக்குத்தான் அங்க ஆளு எடுக்கறாங்களாமா. நீ போனீன்னா அவனும் கூட வந்து ஒரு வழி பண்ணிக்குவான்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். "படுக்கையில கெடக்கறவங்களத் திருப்பிப் போடறதுக்குக்கூட அங்க தனியாப் பழக்கித் தர்றாங்களாமுங்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பி, ஒரு புண்ணு வராமப் பாத்துக்குவாங்களாமா. உங்க புள்ள அதுல ரொம்பக் கெட்டிக்காரின்னு அங்க விசாரிச்சு அந்தப் பையன் சொன்னானுங்க."

சொல்லிக்கொண்டு போகவும் கூடாது என்பதால் அவர் பேசாமல் எழுந்து போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பீ அள்ளப் போனவளா நீ என்று கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நீ அடுப்படியில நின்ன?" என்றாள்.